கண்ணில் படாத புலிக்கும் கணக்கு

காட்டுப் பாதையில் ஒருவர் கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழ்ந்து வருகிறார். இருபுறமும் மரங்களில் கட்டிய பெட்டிகளுக்கு நடுவே அவர் வந்ததும் ஒரு சிறு விளக்கு மினுக்குகிறது. பின்னால் நிற்பவர்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனாலும் சோதனை முடிந்தது. புலி வந்தாலும் பெட்டி இப்படித்தான் விழித்துக்கொள்ளும். தானியங்கி கேமராவைப் பொருத்தியதும் புலியின் உயரத்தில் ஊர்ந்து பார்ப்பது வனப் பணியாளர்களின் வழக்கம்.

பெட்டிக்குள் இருப்பது வெப்பத்தை உணரும் கருவி. சுற்றுப்புறத்திலிருந்து மாறுபட்ட உடல்சூட்டோடு ஏதாவது நகர்ந்தால் படம் எடுக்கும். எதிரெதிரே இரண்டு கேமரா எதற்கு? புலியின் இடது விலாவில் இருக்கும் வரிகள் வலது விலாவில் இருக்காது. ஒரு பக்கப் படம் மட்டும் கிடைத்தால் ஒரே புலியை இரண்டாக எண்ணிவிட வாய்ப்புண்டு. இரண்டு பக்கமும் ஒருசேரக் கிடைத்துவிட்டால் அதுவே அந்தப் புலியின் கைரேகை. (யானைகளுக்கு என்னவோ இந்தப் பெட்டிகளைக் கண்டால் ஆகாது. சிலவற்றைப் பிடுங்கி மிதித்துவிட்டுப் போய்விடும்.)

வரிகளுக்கு முன்பு இந்தியா நம்பியது கால்தடத்தை. 1960-களில் ஒடிசாவின் வன அதிகாரி சரோஜ் ராஜ் சௌத்ரி உருவாக்கிய முறை அது. மண்ணில் பதிந்த தடத்தின் மேல் கண்ணாடியை வைத்து ஓரங்களை வரைவார்கள். சிலசமயம் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி அச்சும் எடுப்பார்கள். ஆனால் ஒரே புலி மணலில் நடந்தால் ஒரு தடம், சேற்றில் நடந்தால் வேறு தடம். வரைகிறவரின் கையைப் பொறுத்தும் மாறும். இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. காட்டிலுள்ள எல்லாப் புலிகளின் தடமும் கிடைத்துவிட்டதாகவே இந்த முறை எடுத்துக்கொண்டது. தவறவிட்டது எத்தனை என்று கேட்கவே இல்லை. ராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் ஏட்டில் புலிகள் இருந்தன. 2005 தொடக்கத்தில் தேடிப் பார்த்தபோது காட்டில் ஒன்றுகூட இல்லை. கள்ள வேட்டை தின்று தீர்த்திருந்தது.

அதற்குப் பத்தாண்டு முன்பே, கர்நாடகத்தின் நாகரஹொளெ காட்டில் புலி ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் கேமராவை வைத்து வேறொரு கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தார். அதன் மூலம் மீன்பிடிப்பில் இருக்கிறது. 1890-களில் டென்மார்க்கின் உயிரியலாளர் பீட்டர்சன் மீன்களுக்கு அடையாளமிட்டு ஆராய்ந்த காலத்திலிருந்து வருவது. ஒரு குளத்தில் 20 மீன்களைப் பிடித்து, அடையாளமிட்டுத் திரும்ப விடுவதாக வைத்துக்கொள்வோம். சில நாள் கழித்து வலை வீசினால் 25 மீன்கள் சிக்குகின்றன. அவற்றில் 10 ஏற்கெனவே அடையாளம் பெற்றவை. அதாவது, வலையில் ஐந்தில் இரண்டு பங்கு பழைய மீன். குளம் முழுக்கவும் அதே விகிதம்தான் என்றால், அந்த 20 மீன் மொத்தத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. ஆக, குளத்தில் சுமார் 50. பார்க்காத மீனுக்கும் கணக்கு வந்துவிட்டது! புலிக்கு அடையாளமிடும் வேலைகூட மிச்சம். அது பிறக்கும்போதே வரியோடு வருகிறது.

குளத்துக்குக் கரை உண்டு, காட்டுக்கு ஏது? ஓரத்தில் திரியும் புலி இன்றைக்கு உள்ளே, நாளைக்கு வெளியே. அதனால் எந்தப் புலி எந்தெந்தக் கேமராவில் விழுந்தது என்பதையும் சேர்த்து, அதன் நடமாட்ட மையத்தை ஊகித்து, 100 சதுர கிலோமீட்டருக்கு எத்தனை என்று இப்போது கணிக்கிறார்கள்.

2018-19 தேசியப் புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமராக்கள் வைக்கப்பட்டன. விழுந்த படங்கள் சுமார் 3.5 கோடி. அவற்றில் புலி இருந்தவை 76,651 மட்டுமே. மற்றவை பிற விலங்குகள். கணினி உதவியோடு வரிகளை ஒப்பிட்டுத் தனித்தனியாக அடையாளம் கண்ட புலிகள் 2,461. அறிவித்த எண்ணிக்கையோ 2,967. நடுவில் இருக்கும் ஐந்நூறு சொச்சம் கேமராவில் விழாத புலிகள். அந்த 2,967-ம் 2,603-க்கும் 3,346-க்கும் இடைப்பட்ட மதிப்பீடுதான். செய்தித்தாள் தலைப்பில் ஓர் எண்தான் வரும். இந்த இடைவெளி வராது. உண்மையில் அறிக்கையின் நேர்மை அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

கடமானுக்கு வரி கிடையாது. அதற்கு வேறு வழி. காட்டில் நேர்கோடாக ஒரு பாதை வகுத்து, விடிகாலையில் இருவர் சத்தமில்லாமல் நடப்பார்கள். விலங்கு தென்பட்டால் திசைகாட்டியில் கோணம், லேசர் கருவியில் தூரம். கோட்டருகே நிற்பது தப்பாது. தள்ளிப் போகப்போகக் கண்ணில் படுவது குறையும். அந்தக் குறைவு எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதிலிருந்து புதர் மறைத்த மான்களின் கணக்கு கிடைக்கும்.

யானையைப் பார்க்காமலே அதன் சாணத்தை எண்ணியும் கணிக்கலாம். சதுர கிலோமீட்டருக்கு 1,600 சாணக் குவியல் கிடக்கிறது, ஒரு யானை நாளுக்கு 16 முறை போடுகிறது, ஒரு குவியல் மட்கி மறைய 100 நாள் ஆகிறது என்றால், அங்கே சராசரியாக ஒரு யானை. தாளில் எளிது. மழையும் சாணவண்டும் அந்த 100 நாளை எப்படி வேண்டுமானாலும் மாற்றிவிடும். அதனால் அந்தந்தக் காட்டில் குவியல்களைக் குறித்துவைத்து, அவை மறைவதை மாதக்கணக்கில் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தமிழகத்தின் மாநில விலங்கான வரையாட்டுக்கு வரியும் இல்லை, அது நிற்கும் பாறைச் சரிவில் நேர்கோட்டில் நடக்கவும் முடியாது. 2024-ல் நடந்த ஒருங்கிணைந்த கணக்கெடுப்பில் மாநிலத்தில் 1,031 வரையாடுகள் என்று முடிவு வந்தது. இரட்டைப் பார்வையாளர் முறையும் அதில் பயன்பட்டது. இந்த முறையில் ஒரே சரிவை இரண்டு குழுக்கள் தனித்தனியாகப் பார்க்கும். கிடா எத்தனை, பெட்டை எத்தனை, குட்டி எத்தனை, எந்த இடம் என்று மந்தை மந்தையாக எழுதிக்கொள்ளும். மந்தையின் அந்தக் கலவைதான் இங்கே புலியின் வரி. இரு குழுவும் பார்த்த மந்தைகள் எத்தனை, ஒன்று மட்டும் பார்த்தவை எத்தனை என்று ஒப்பிட்டால், இருவருமே தவறவிட்டதைக் கணிக்கலாம். ஆகவே மலையில் நடக்கும்போது, எதிர்ப் பாறையில் ஒரு மந்தை நிற்கிறது என்று முதல் குழு இரண்டாவது குழுவுக்கு ஜாடையாகக்கூடக் காட்டிவிடக் கூடாது.