எடைக்கு எடை போகும் வெள்ளிச் சவரப் பெட்டிகள்

புது தில்லி: வெள்ளியின் விலை ஏறும்போதெல்லாம் பழைய வீடுகளில் பெட்டகங்கள் திறக்கப்படுகின்றன. 2025 அக்டோபரில் சென்னைச் சந்தையில் ஒரு கிலோ வெள்ளியின் விலை 2 லட்சம் ரூபாயைக் கடந்தது. இத்தகைய காலங்களில் முதலில் கடைக்குச் செல்பவை, அன்றாடப் பயன்பாட்டை இழந்துவிட்ட பொருள்களே. தாத்தாவின் காலத்து வெள்ளிச் சவரப் பெட்டியும் அவற்றில் ஒன்று.

வாங்கும்போது செய்கூலி, சேதாரம் என்று இரண்டையும் சேர்த்துக் கணக்கிடும் வழக்கம் விற்கும்போது தலைகீழாகிறது. தராசில் ஏறுவது எடை மட்டுமே. பல நாள்கள் குனிந்து அமர்ந்து ஒரு கைவினைஞர் செதுக்கிய பூவேலைக்கு அங்கே விலை இல்லை. சவரப் பெட்டியைப் பொருத்தவரை, இதில் விற்பவருக்கு மற்றொரு ஏமாற்றமும் காத்திருக்கிறது.

பெட்டிக்குள் இருப்பவை: சவரக் கத்தி, தூரிகை, நுரை கலக்கும் கிண்ணம், மூடியுடன் கூடிய சோப்புச் சிமிழ், சிறிய கைக்கண்ணாடி ஆகியவை பொதுவாக ஒரு பெட்டியில் இடம்பெற்றன. கத்தியின் அலகு எஃகு. பெரும்பாலும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் செய்தது. தூரிகையின் மயிர், வளைக்கரடி எனப்படும் விலங்கினுடையது. வெள்ளி என்பது இவற்றின் கைப்பிடிகளிலும், கிண்ணத்திலும், சிமிழிலும், கண்ணாடியின் முதுகிலும் மட்டுமே உண்டு.

அந்தக் கைப்பிடிகளும் பெரும்பாலும் கெட்டி வெள்ளி அல்ல. மெல்லிய தகட்டை இரு பாதிகளாக அடித்துப் பற்றவைத்து, உள்ளே குங்கிலியம் போன்ற பிசின் கலவையை நிரப்பி விடுவார்கள். கையில் எடுத்தால் கனமாகத் தோன்றும். உருக்கினால் கிடைக்கும் வெள்ளியோ சொற்பம். கண்ணாடியின் முதுகும் அவ்வாறே. ஆக, உருக்குவதால் கலையும் போகிறது. எதிர்பார்த்த பணமும் வருவதில்லை.

நகாசு வேலையின் நுட்பம்: வெள்ளித் தகட்டைப் பழுக்கக் காய்ச்சி இளக்கி, மரச் சுத்தியலால் வடிவம் கொடுப்பது முதல் கட்டம். பின்னர் அரக்கும் செங்கல் தூளும் எண்ணெயும் கலந்த படுகையில் தகட்டைப் பதித்து, பின்புறமிருந்து உளியால் தட்டி உருவங்களைப் புடைக்கச் செய்வர். அதன்பின் தகட்டைத் திருப்பி, முன்புறத்தில் நுண்ணிய உளிகளால் கண், இதழ், இலை நரம்பு போன்றவற்றைத் தீட்டுவர். அடிக்க அடிக்க வெள்ளி இறுகும். மீண்டும் காய்ச்சாவிட்டால் கீறல் விழும். எப்போது நிறுத்த வேண்டும் என்பதைக் கைதான் அறியும்.

சென்னையின் 'சுவாமி' வெள்ளி: ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இந்திய வெள்ளி வேலைக்கு ஊருக்கு ஊர் தனி முகம் இருந்தது. கட்ச் பகுதியில் நெருக்கமான கொடியும் பூவும். லக்னௌவில் காட்டு விலங்குகள். கல்கத்தாவில் கிராமக் காட்சிகள். சென்னையில் மாடங்களுக்குள் நிற்கும் தெய்வ உருவங்கள். சென்னைப் பாணிக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் 'சுவாமி' வெள்ளி. மவுண்ட் ரோட்டில் இருந்த பி. ஆர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இதில் பெயர் பெற்றது. வேல்ஸ் இளவரசர் எட்வர்டு 1875 டிசம்பரில் சென்னைக்கு வந்த காலம், இக்கலைக்கும் உச்சமான காலம்.

பொருளின் மீது நிறுவனத்தின் பெயர் பொறிக்கப்பட்டது; உளி பிடித்த கைவினைஞரின் பெயர் பெரும்பாலும் பொறிக்கப்படவில்லை. கட்ச்சின் புஜ் நகரைச் சேர்ந்த ஊமர்சி மாவ்ஜி, 'ஓ.எம். புஜ்' என்று தம் முத்திரையைப் பதித்தது அரிதான விதிவிலக்கு. இந்த வெள்ளிப் பொருள்களுக்கென்றே 2008-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு கண்காட்சி நடைபெற்றது.

பிளேடு கொண்டுவந்த மாற்றம்: அமெரிக்கரான கிங் கேம்ப் ஜில்லெட் 1903-ல் தம் புதிய சவரக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். முதல் ஆண்டில் விற்றவை 51 கருவிகளும் 168 பிளேடுகளும்தான். முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் வீரர்களுக்காக சுமார் 35 லட்சம் கருவிகளை வாங்கியது. போர் முடிந்தபோது, தீட்டித் தீட்டித் தலைமுறைக்குக் கைமாறிய கத்தியின் காலமும் முடியத் தொடங்கியது. அதற்கு அணி செய்த வெள்ளிப் பெட்டி அலமாரிக்குள் சென்றது.

சட்டம் என்ன சொல்கிறது?: நாடாளுமன்றம் 1972-ல் இயற்றிய தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் 1976 ஏப்ரல் 5-ல் நடைமுறைக்கு வந்தது. நூறு ஆண்டுகளுக்குக் குறையாத கைவினைப் பொருளும் இதன்படி தொல்பொருளாகலாம். அத்தகைய பொருளை மத்திய அரசோ அதன் அங்கீகாரம் பெற்ற அமைப்போ தவிர வேறு எவரும் ஏற்றுமதி செய்ய முடியாது. மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. தொல்பொருள் வணிகத்துக்கும் உரிமம் தேவை.

1920-களின் தொடக்கத்தில் செய்த பெட்டிகளும் இப்போது அந்த நூறாண்டு வரம்பைத் தாண்டிவிட்டன. ஆனால், விமான நிலையத்தில் பிடிபடும் பொருளைத்தான் சுங்க அதிகாரி காப்பாற்ற முடியும். கடைத்தெருவின் உலையில் விழும் பொருளை அவர் பார்க்கப் போவதில்லை.

விற்பதற்கு முன்: இங்கிலாந்தில் செய்த வெள்ளியில் நடக்கும் சிங்கத்தின் முத்திரை இருக்கும், அது 92.5 சதவீதத் தூய்மையின் அடையாளம். பழைய பொருள்களில் உடன் காணப்படும் நங்கூரம் பர்மிங்ஹாமையும், கிரீடம் ஷெஃபீல்டையும், சிறுத்தைத் தலை லண்டனையும் குறிக்கும். ஓர் எழுத்து, ஆண்டைச் சொல்லும். அக்கால இந்தியாவில் இத்தகைய அரசுச் சோதனை முறை இல்லாததால், செய்தவரின் பெயர் மட்டுமே இருக்கும்; தூய்மையைச் சோதித்துத்தான் அறிய வேண்டும். 'ஜெர்மன் சில்வர்' என்பதில் வெள்ளியே கிடையாது. அதன் மேல் வெள்ளி முலாம் பூசிய பொருள்களும் உண்டு.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2005-ல் வெள்ளிக்கு ஹால்மார்க் வழங்கத் தொடங்கியது. 2025 செப்டம்பர் 1 முதல், தனி அடையாள எண்ணுடன் கூடிய ஹால்மார்க் முறை விருப்பத்தின் பேரில் நடைமுறைக்கு வந்தது. எனினும், இந்த முத்திரை உலோகத்தின் தூய்மைக்குச் சான்று அளிக்குமே தவிர, கைவேலையின் தரத்துக்கு அல்ல.

எல்லையோரத்தில் ஒரு நம்பிக்கை: கேரளத்தின் தென்கோடியில் உள்ள பொழியூரைத் தாண்டினால் குமரி மாவட்டம். அங்கே, நாகர்கோவிலின் வடசேரியில் கோயில் நகைகள் செய்யும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. வெள்ளியில் உருவம் அமைத்து, சிவப்புக் கல் பதித்து, தங்கத் தகடு போர்த்தும் இந்தக் கலை புவிசார் குறியீடு பெற்றது. தெய்வத்துக்கும் நடன மேடைக்கும் தேவை இருந்ததால் அந்தக் கை பிழைத்தது.

சவரப் பெட்டிக்கு அத்தகைய தேவை இனி வரப்போவதில்லை. ஆகவே, இருப்பதைக் காப்பது ஒன்றே வழி. பளபளப்புக்காக அழுத்தித் தேய்த்தால் நுண்ணிய கோடுகள் மழுங்கிவிடும். மெல்லிய துணியால் துடைத்து, ஈரம் படாமல் வைத்தாலே போதும். விற்றே ஆக வேண்டிய நிலை வந்தாலும், தராசில் வைப்பதற்கு முன் விவரம் அறிந்தவர் ஒருவரிடம் காட்டுவது நல்லது. உருக்கிய வெள்ளியை மீண்டும் வாங்கிவிடலாம். அதன் மேல் இருந்த வேலையை வாங்க முடியாது.