முதல் குடத்துத் தண்ணீர்

வடசென்னையின் பழைய தெருக்களில் விடியுமுன் அடிபம்பு அடிக்கிற பெண்கள் முதல் குடத்தை அடுப்பங்கரைக்குக் கொண்டுபோவதில்லை. கையில் கொஞ்சம் ஏந்தி முகர்ந்து பார்ப்பார்கள். நாற்றம் அடித்தால் அது வாசல் தெளிக்க, கக்கூஸ் கழுவ. நாலாவது ஐந்தாவது குடம்தான் குடிக்க. யாரும் முகாம் போட்டுக் கற்றுக்கொடுத்ததல்ல இது. மாமியார் செய்தார், மருமகள் செய்கிறாள்.

அந்த மூக்கு சரியாகவே சொல்கிறது. மெட்ரோ தண்ணீர் நாள் முழுக்க வருவதில்லை. திறந்துவிடும் சில மணி நேரம் போக மற்ற நேரம் குழாய் வெறுமனே கிடக்கும். பல சந்துகளில் கழிவுநீர்க் குழாயும் கையெட்டும் தூரத்திலேயே போகிறது, இரண்டும் பழசு. அழுத்தம் இருக்கும்போது விரிசல் வழியே குடிநீர் வெளியே கசியும். அழுத்தம் போனதும் வெளியே தேங்கியிருக்கிற சாக்கடை அதே விரிசல் வழியே உள்ளே வரும். தண்ணீர் வேகமாக வராததால் வீட்டுக்கு வீடு அடிபம்பு; கொஞ்சம் வசதி இருந்தால் திருட்டுத்தனமாக மோட்டார். இரண்டுக்கும் உறிஞ்சுகிற வேலைதான் தெரியும். எதை உறிஞ்சுவது என்று பம்புக்கு யார் சொல்வது?

மூக்குக்கும் ஓர் எல்லை உண்டு. சாக்கடை கொஞ்சமாகக் கலந்தால் நிறமும் மாறாது, நாற்றமும் வராது. பிள்ளைக்கு வயிற்றால் போகத் தொடங்கும்போதுதான் தெரியும். அப்போதும் தெருவில் ஒட்டப்படும் சுவரொட்டி ‘கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்’ என்கிறது. கழுவ வேண்டியதுதான். ஆனால் உடைந்த குழாய்க்கு எந்தச் சுவரொட்டியும் புத்தி சொல்வதில்லை.

குடிநீர் வாரியத்தின் 1916 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுக்கலாம். சாம்பிள் எடுக்க வருகிறவர் பதினொரு மணிக்கு வந்தால், காலையில் வந்த அழுக்கு அதற்குள் அடித்துக்கொண்டு போயிருக்கும். இருக்கிற தண்ணீர் நல்ல தண்ணீர். அவர் பொய் சொல்லவில்லை, தெருவும் பொய் சொல்லவில்லை. 2024 டிசம்பரில் பல்லாவரம் பகுதியில் வாந்தி பேதியும் உயிரிழப்பும் ஏற்பட்டபோது மக்கள் குடிநீரைச் சொன்னார்கள், அரசுத் தரப்பு அதை ஏற்கவில்லை. இப்படிப்பட்ட சச்சரவில் பேச்சைவிடச் சான்றுதான் நிற்கும்.

அந்தச் சான்றுக்கு ஆகும் செலவு பெரிதில்லை. குவாலியரிலுள்ள ராணுவ ஆய்வு நிலையத்தில் மாஞ்சா என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் 1982-இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. மருந்து ஊறிய காகிதத்துண்டு போட்ட சின்னக் கண்ணாடிப் புட்டி. கோடு வரை தண்ணீர் ஊற்றி மூடி ஒருநாள், இரண்டுநாள் வைக்க வேண்டும். கறுத்துவிட்டால் மலக்கிருமி கலந்திருக்கிறதென்று சந்தேகிக்கலாம். உறுதி சொல்வது ஆய்வகத்தின் வேலை. இதற்கு மின்சாரப் பெட்டி எதுவும் வேண்டாம், சென்னை வெக்கையே போதும். குளோரினைப் பார்ப்பது இன்னும் சுலபம்: சில சொட்டு மருந்து விட்டால் தண்ணீர் மஞ்சளாகும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். மஞ்சளே காணோம் என்றால், போட்ட குளோரினை வழியில் ஏதோ தின்றுவிட்டது என்று பொருள்.

கிராமங்களுக்குக் குழாய்த் தண்ணீர் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்கு இந்தமாதிரிப் பரிசோதனையில் பயிற்சி கொடுக்கிறார்கள். நகரத்துக் குடிசைப் பகுதியில் அந்தப் பரிசோதனைப் பெட்டியைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. குழாயை நம்பாமல் கேன் தண்ணீர் வாங்குகிறவர்கள் கேனை நம்புகிறார்கள். அதை நிரப்பிய இடத்தை யார் பார்த்தது? கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆனால் கேஸ் யார் கணக்கில்? தண்டையார்பேட்டையில் 2013-இல் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்ததே, அதற்குக் கொதிக்க வைத்தும் பயனில்லை.

புட்டியை எந்தத் தண்ணீரில் நிரப்ப வேண்டும் என்பது அடிபம்பு அடிக்கிற அந்தப் பெண்களுக்குத் தெரியும்: முதல் குடம். மேலே தேதி, மணி, தெருப்பெயர் எழுதி ஒட்டிவிட்டால் போதும். சாம்பிள் எடுக்க வருகிறவரிடம், “பதினொரு மணிக்கு வேணாம் சார், நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கு வாங்க” என்று சொல்லலாம்.