குளத்து அட்டையின் பசிக்கணக்கு

மாரி பிடித்து கண்டாவளைப் பக்கத்து வாய்க்கால்களிலும் குளங்களிலும் தண்ணீர் ஏறினால் எருமைகளுக்கு அட்டைத் தொல்லைதான். மாடு இறங்கும்போது எழும் சிற்றலையே பசித்த அட்டைக்குப் போதும். அலை வந்த திசைக்கு நீந்திவிடும். வயிறு நிறைந்த அட்டையோ அதே அலை பட்டும் பேசாமல் கிடக்கும். நரம்பமைப்பில் இரண்டுக்கும் வேறுபாடில்லை.

அந்த நரம்பமைப்பு எளியது. நடு உடம்பில் வரிசையாக 21 நரம்பு முடிச்சுகள். பெரும்பாலானவற்றில் ஏறத்தாழ 400 நரம்பணுக்கள். தலையிலும் வாலிலும் சற்றுப் பெரிய திரள்கள். சில அணுக்கள் மிகப் பெரியவை, நுண்ணிய மின்முனையைச் செருகி அவற்றின் துடிப்பை அளக்கலாம். நம் குளத்து அட்டைக்கு உறவான ஐரோப்பிய மருத்துவ அட்டை ஆய்வுக்கூடங்களுக்குள் நுழைந்தது இதனால்தான்.

1980களில் சார்ள்ஸ் லென்ட், மைக்கேல் டிக்கின்சன் ஆகியோர் அட்டையின் பசியைச் செரட்டோனின் என்ற வேதிப்பொருளில் கண்டுபிடித்தார்கள். இரை தின்று ஓய்ந்த அட்டையைச் செரட்டோனின் கரைத்த நீரில் விட்டால் அது மறுபடி நீந்தும், கடிக்கும். அதைச் சுரக்கும் அணுக்களை நஞ்சால் வெறுமையாக்கினால் பசித்த அட்டையும் கடிக்காது. அந்த அணுக்களைத் தூண்டுவது உதட்டில் படும் சுவை: குருதியில் உள்ள உப்பும் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலமும். கடித்த அட்டையை விழுத்த நாம் அள்ளிப் போடுவதும் உப்புத்தான்! எல்லாம் அளவுதான், குருதியளவு உப்பு விருந்துக்கு அழைப்பு, பிடியளவு உப்பு உடலின் நீரை உறிஞ்சிவிடும்.

நிறுத்துவது யார்? வயிறுதான். தன் எடையைப்போல் ஏழெட்டு மடங்கு வரை குடித்து உடற்சுவர் விரிந்ததும் செரட்டோனின் அணுக்கள் அடங்குகின்றன. குடித்துக்கொண்டிருக்கும் அட்டைக்குள் உப்புநீரைச் செலுத்தி உப்பவைத்தால் உடனே விட்டுவிடும். உள்ளே போன குருதி வெளியே வடிந்துபோகும்படி உடம்பில் கீறிவிட்டால் நிறுத்தாமல் குடிக்கும். எவ்வளவு குடித்தோம் என்ற கணக்கு அதற்கு இல்லை. எவ்வளவு விரிந்தோம் என்பதுதான் கணக்கு.

இன்னொன்றும் உண்டு. குடிக்கும் அட்டையைத் தட்டினாலும் கிள்ளினாலும் அசையாது. பிடிவாதம் என்று நினைப்போம். தொடுகையை உணரும் அணுக்களின் முனையிலேயே செரட்டோனின் செய்தியை மறித்துவிடுகிறது என்று 2009இல் குவென்டின் கோட்ரி, வில்லியம் கிறிஸ்டன் ஆகியோர் காட்டினார்கள். தட்டியது உள்ளே போய்ச் சேர்வதே இல்லை. ஆகவே, முதுகைப் பிடித்து இழுப்பதைவிட, வாயோரம் நகத்தை நுழைத்து உறிஞ்சுபிடியை நெகிழ்த்துவது மேல்.