ஒரு இன்ச் பாக்கி!

ஹீரோ ஒரே ஒரு தடவைதான் சுடுவார். வில்லன் பத்தடி பின்னால் பறந்து, கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுவார். தியேட்டரில் விசில் பறக்கும். பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனா, ப்ளஸ் ஒன்னில் ஃபிசிக்ஸ் படிச்ச நீங்க இதை நம்பலாமா பாஸ்?

ஒரு சின்ன கணக்கு போடுங்க. உலகத்தில் அதிகம் புழங்கும் கைத்துப்பாக்கித் தோட்டாக்களில் ஒன்று 9 எம்.எம். அதிலிருந்து பாயும் குண்டின் எடை சுமார் 8 கிராம். அதாவது ஒரு பவுன்! வேகம், நொடிக்கு சுமார் 350 மீட்டர். எடையையும் வேகத்தையும் பெருக்கினால் உந்தம் 2.8. இப்போ கிரிக்கெட் பந்துக்கு வாங்க. எடை 160 கிராம், வேகம் மணிக்கு 140 கிலோமீட்டர். உந்தம் 6.2! குண்டைவிட இரண்டு மடங்குக்கும் மேல். நெஞ்சில் பந்து பட்டு எந்த பேட்ஸ்மேனாவது பவுண்டரிக்குப் பறந்திருக்காரா? 70 கிலோ ஆளை 9 எம்.எம். குண்டு தள்ளும் வேகம், நொடிக்கு வெறும் 4 சென்டிமீட்டர்.

ஆக, குண்டு ஆளைத் தள்ளுவதில்லை, துளைக்கிறது. எந்த இடத்தில், எவ்வளவு ஆழம் என்பதுதான் விஷயம். அமெரிக்காவில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். துப்பாக்கியை வாங்கியதும் கடைக்காரரிடம் அவர்கள் கேட்கும் அடுத்த கேள்வி, ‘எந்தத் தோட்டா நல்லது?’ இன்று அதற்குக் கிடைக்கிற பதிலுக்குப் பின்னால் ரத்தம் சிந்திய ஒரு காலைப்பொழுது இருக்கிறது.

மியாமி, 1986

ஏப்ரல் 11. பேங்க் கொள்ளையர்களான மைக்கேல் பிளாட், வில்லியம் மேட்டிக்ஸ் இருவரையும் எட்டு எஃப்.பி.ஐ. ஏஜென்ட்கள் காரில் மடக்கினார்கள். துப்பாக்கிச் சண்டை வெடித்தது. ஆரம்பத்திலேயே ஒரு 9 எம்.எம். குண்டு பிளாட்டின் வலது கையைத் துளைத்து, நெஞ்சுக்குள் புகுந்து, நுரையீரலைக் கிழித்தது. ஆனால், இதயத்துக்குச் சுமார் ஒரு இன்ச் முன்னால் நின்றுவிட்டது. ஏஜென்ட் ஜெரி டவ் சுட்டதாகக் கருதப்படும் குண்டு அது.

பிளாட் பிழைக்கவே முடியாத காயம்தான். ஆனால் அது அவருக்குத் தெரியாதே! ரைஃபிளோடு தொடர்ந்து சண்டை போட்டார். ஜெரி டவ், பெஞ்சமின் க்ரோகன் என்ற இரண்டு ஏஜென்ட்கள் செத்துப்போனார்கள். ஐந்து பேருக்குக் காயம். கை சிதைந்த நிலையிலும் எழுந்து வந்த எட்மண்டோ மிரெலெஸ் என்ற ஏஜென்ட்தான் கடைசியில் இரு கொள்ளையர்களையும் சுட்டு வீழ்த்தினார்.

அந்த ஒரு இன்ச், எஃப்.பி.ஐ.யைத் தூங்கவிடவில்லை.

ஜெலட்டின் சொன்ன பாடம்

1987-ல் டாக்டர்களையும் ஆயுத நிபுணர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். மனித சதைக்குப் பதிலாக, 10 சதவிகித ஜெலட்டின் கட்டிகளைச் சுட்டுப் பார்த்தார்கள். நாம சாப்பிடுற ஜெல்லியோட கெட்டியான அண்ணன்னு வெச்சுக்குங்க. குண்டு குறைந்தது 12 இன்ச் உள்ளே போக வேண்டும், 18 இன்ச்சுக்கு மேல் போகக் கூடாது என்று அளவுகோல் பிறந்தது.

‘நெஞ்சே அவ்வளவு ஆழம் இல்லையே, எதுக்கு 12?’ என்கிறீர்களா? எதிராளி நேராக நின்று போஸ் கொடுக்க மாட்டான். பக்கவாட்டில் திரும்பியிருப்பான், பிளாட்டைப் போலக் கை குறுக்கே வரும். அதுக்கெல்லாம் சேர்த்துத்தான் இந்த 12.

1989-ல் வந்த எஃப்.பி.ஐ. அறிக்கை இன்னொரு விஷயத்தையும் போட்டு உடைத்தது. இதயமே செயலிழந்தாலும், மூளையில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனை வைத்து ஒருவர் 10 முதல் 15 நொடி வரை இயங்க முடியுமாம். ‘ஒரே குண்டில் க்ளோஸ்’ என்பதற்கு எந்தக் கம்பெனித் தோட்டாவும் கேரன்டி கிடையாது!

கூர்முனையா, குழிமுனையா?

கடையில் இருப்பவை முக்கியமாக இரண்டு ரகம். ஒன்று, ‘ஃபுல் மெட்டல் ஜாக்கெட்’. ஈயத்தின் மேல் முழுசாகச் செம்பு உறை போர்த்தியிருக்கும். விலை குறைவு, பயிற்சிக்கு ஏற்றது. ஆனால் ஆளைத் துளைத்து வெளியேறி, பின்னால் நிற்பவரையும் பதம் பார்க்கும். ஜெலட்டினில் இரண்டு அடி வரைக்கும்கூட ஓடும்.

இரண்டாவது, ‘ஹாலோ பாயின்ட்’. முனையில் குழி இருக்கும். உடம்புக்குள் போனதும் அந்தக் குழி பூப்போல விரிந்து, பிரேக் போட்ட மாதிரி குண்டை உள்ளேயே நிறுத்தும். காயமும் பெரிசு.

விரியும் குண்டுக்கு நம்ம நாட்டோடு பழைய உறவு உண்டு. கொல்கத்தா விமான நிலையம் இருக்கும் டம்டம் பகுதியில், 1890-களில் பிரிட்டிஷ் ஆயுதச்சாலை இப்படி விரியும் ரைஃபிள் குண்டுகளைத் தயாரித்தது. அதனால்தான் ‘டம்டம் குண்டு’ என்றே உலகம் முழுக்கப் பெயர். ரொம்பக் கொடூரம் என்று எதிர்ப்பு கிளம்ப, 1899 ஹேக் மாநாட்டில் போருக்கு இவை கூடாது என்று பிரகடனம் வந்தது.

போரில் ஆகாத குண்டு போலீஸுக்கு மட்டும் எப்படி ஆகும்? காரணம், அக்கம்பக்கம். சந்தையிலும் ரயில் நிலையத்திலும் சுட நேரும்போது, குற்றவாளியைத் தாண்டிப் போகும் குண்டு அப்பாவி உயிரை எடுக்கும். 1998-ல் நியூயார்க் போலீஸ் ஹாலோ பாயின்ட்டுக்கு மாறுவதாக அறிவித்தபோது சொன்ன முக்கிய காரணம் இதுதான்.

சுத்திச் சுத்தி அதே இடம்

‘9 எம்.எம். சின்னது, பெரிசா கொண்டு வா’ என்று மியாமிக்குப் பிறகு 10 எம்.எம்.முக்குப் போனது எஃப்.பி.ஐ. உதைப்பு ஜாஸ்தி. பலரால் சரியாகச் சுட முடியவில்லை. அடுத்து, 1990-ல் அறிமுகமான .40 தோட்டாவுக்கு வந்தார்கள். 2014-ல் எஃப்.பி.ஐ. பயிற்சிப் பிரிவு போட்ட முடிச்சு என்ன தெரியுமா? ‘திரும்ப 9 எம்.எம்.முக்கே போகலாம்!’

தோற்றுப்போய் இல்லை. இடைப்பட்ட வருடங்களில் குண்டின் வடிவமைப்பு தேறியிருந்தது. 9, .40, .45 மூன்றின் காயத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 9-ல் உதைப்பு குறைவு, குறி தப்புவதும் குறைவு. சைஸைவிடக் குறிதான் பெரிசு என்று ஒப்புக்கொள்ள கிட்டத்தட்ட 30 வருடம் ஆகியிருக்கிறது.

அதனால், விஷயம் தெரிந்த அமெரிக்கப் பயிற்சியாளர்கள் சொல்வது சிம்பிள். ஜெலட்டின் பரீட்சையில் பாஸான, பெயர்பெற்ற கம்பெனி ஹாலோ பாயின்ட் வாங்கு. துணி முனைக்குழியை அடைத்தால் குண்டு விரியாது, ஆகவே கனமான துணி போர்த்திய ஜெலட்டினிலும் பாஸாகியிருக்கிறதா பார். பாக்கெட் சைஸ் துப்பாக்கியின் குட்டைக் குழலில் வேகம் குறையும், அதற்கேற்ற தோட்டாவைத் தேர்ந்தெடு. உன் துப்பாக்கியில் அது சிக்காமல் ஓடுகிறதா என்று நிறையச் சுட்டுப் பார். இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடாதே. அங்கே வீட்டுச் சுவர் பெரும்பாலும் ஜிப்சம் பலகைதான். குறி தப்பினால் ஹாலோ பாயின்ட்கூட அடுத்த ரூமுக்குப் போய்விடும்.

அட்டைப்பெட்டி சொல்லாதது

2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை. பாதிக்கும் மேல்! திருடனுக்காக வாங்கிய தோட்டா, வீட்டில் ஒருவரின் இருண்ட ராத்திரியில் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் என்ன ஆகும்னு யோசிங்க. எந்தத் தோட்டா என்ற கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டியது, ‘எந்தப் பூட்டு? சாவி யாரிடம்?’

அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கக் கிளம்பும் நண்பர்களே, உங்களுக்கு ஸ்பெஷலாக ரெண்டு விஷயம். எஃப்-1 மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டா வைத்திருப்பதையும் அந்நாட்டுக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. வேட்டை உரிமம் மாதிரி சில விதிவிலக்குகள்தான் உண்டு. ரூம்மேட்டின் தோட்டா டப்பாவை ‘சும்மா வெச்சிரு’ என்று வாங்கி வைத்தாலும் வம்புதான்.

இன்னொன்று, லீவில் ஊருக்கு வரும்போது ‘நினைவுப் பொருள்’ என்று ஒரு தோட்டாவைப் பையில் போட்டு வராதீர்கள். லைசென்ஸ் இல்லாமல் ஒரே ஒரு தோட்டா இருந்தாலும் நம்மூர் ஏர்போர்ட்டில் 1959-ம் வருஷ ஆயுதச் சட்டப்படி வழக்கு பாயும். கிளம்பும் முன், பையை ஒரு தடவை கவிழ்த்துப் பார்த்துடுங்க!