குரக்கன் பாணில் குரக்கன் எவ்வளவு?

நாவற்குடாப் பக்கம் சீனி வருத்தக்காரர் இருக்கும் வீடுகளில் இரவானால் கேட்கும் பேச்சு: "சோறு வேணாம், ரொட்டி சுடுங்க." சுடுவது வெள்ளைக் கோதுமை மாவில். தவிடு நீக்கிய அந்த மாவும் தீட்டிய வெள்ளையரிசியும் இரத்தத்தில் சீனியை ஏற்றுவதில் அண்ணன் தம்பிதான்.

தவிடு போகாத சிவப்பரிசியில் நார்ச்சத்தும் பி வகை விற்றமின்களும் தங்குகின்றன. புழுக்கும்போது அந்த விற்றமின்களில் ஒரு பங்கு மணிக்குள் இறங்குவதால், தீட்டிய பச்சையரிசியை விடப் புழுங்கல் மேல். குரக்கனில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 மில்லிகிராம் கல்சியம் உண்டு. தீட்டிய அரிசியில் 10 அளவுதான். ஆனாலும் குரக்கனும் மாச்சத்தே. கோப்பை நிறையக் குரக்கன் புட்டும் சீனியும் மருந்தாகாது. தட்டில் கால்வாசி தானியம், அரைவாசி மரக்கறியும் கீரையும், மிச்சம் மீனோ பருப்போ. குரக்கனை நம்பி மாத்திரையை நிறுத்தவே கூடாது.

அடுத்த ஏமாற்றம் கடையில். "குரக்கன் பாண்" என்ற பெயரையும் மண்ணிறத்தையும் பார்த்தே சனம் வாங்குகிறது. பொதியைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானங்களைக் கூடிய அளவிலிருந்து குறைந்த அளவுக்கு வரிசையாக அச்சிட வேண்டும் என்பது விதி. முதலில் கோதுமை மா என்றிருந்தால் அது கோதுமைப் பாண்தான். குரக்கனை முழுமணியாக வாங்கி, கழுவிக் காயவைத்து மில்லில் அரைப்பிப்பதே பாதுகாப்பு.

கலப்படச் சந்தேகமா? மாவைப் போத்தலில் கொட்டிவிட்டுப் பொதியை எறிய வேண்டாம். தொகுதி இலக்கம், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி எல்லாம் அதில்தான். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுப்பது வியாபாரியின் சட்டக் கடமை. உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டப்படி அவர் மாதிரி எடுத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்பலாம். வாய்ச்சொல்லோடு திரும்பாமல், எழுதிக் கொடுத்துப் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். விலைப்பட்டியல் தொங்குகிறதா என்று பார்க்கும் அதிகாரிகள், பாணுக்குள் என்ன இருக்கிறது என்றும் பார்க்கட்டும்.

ஏமாற்று விற்பனைக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கிறது, தொலைபேசி 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாடு எழுத்தில், மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். கடையின் பெயர், வாங்கிய திகதி, தொகுதி இலக்கம் எழுதி, பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மூலப்பிரதி வீட்டிலேயே இருக்கட்டும். திரும்பவும் சொல்ல வேண்டியிருக்கிறது: மூன்று மாதம். அந்தக் கணக்கு பொருளை வாங்கிய நாளிலிருந்து ஓடுகிறது.