கிணற்றில் ஆளை இறக்குமுன் காற்றைச் சோதித்தல்

நெடுநாள் மூடிக் கிடந்த கிணறு, தானியக் குதிர், சர்க்கரை ஆலைகளின் கழிவுப்பாகுத் தொட்டி ஆகியவற்றுள் ஆட்களை இறக்குமுன் அங்குள்ள காற்றைச் சோதித்தல் அவசியமாகும்.

நற்காற்றில் நூற்றுக்குச் சுமார் 21 பங்கு பிராணவாயு உண்டு. இலை தழை அழுகுவதாலும், ஈரத் தானியம் சுவாசிப்பதாலும் அது குறைந்து, கரியமில வாயு அடியில் தங்குகிறது. இதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. பிராணவாயு 19.5 பங்குக்குக் குறைந்த இடம் அபாயமானதென்று அமெரிக்கத் தொழில் விதிகள் கூறுகின்றன; 10 பங்குக்குக் கீழாயின், இறங்குபவன் கூவியழைக்கு முன்னரே மூர்ச்சையடைதல் கூடும்.

விளக்கை இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். சுடர் அணைவது ஏறக்குறைய 16 பங்கிலேயாதலால், அது எரிவதை நம்பி இறங்கலாகாது. எரிவாயு உள்ள குழியில் அதுவே வெடிப்புக்குக் காரணமாகும். பிராணவாயு அளக்கும் கருவியைக் கயிற்றில் கட்டி, மேல், நடு, அடி என மூன்றிடங்களிலும் அளத்தல் வேண்டும். குறைவாயின் விசிறி யந்திரத்தால் நற்காற்றைச் செலுத்தி, மீண்டும் அளக்க வேண்டும்.

விழுந்தவனைத் தூக்க மற்றொருவன் இறங்கி, இருவரும் மாண்டதுண்டு. ஆதலின், இடுப்பில் கயிறு கட்டாமலும், மேலே காவலாள் நிறுத்தாமலும் எவரையும் இறக்குதல் கூடாது. கூலியாளின் உயிர் நிலச்சொந்தக்காரரின் பொறுப்பு என்பதைக் கிராம அதிகாரிகள் எடுத்துரைத்தல் நலம்.