திரைப்பட ஆவணமும் பேச்சுத்தமிழ் ஆய்வும்

கோலார் தங்கவயல் தமிழை ஆராய்வோர் ஓர் இடர்ப்பாட்டை எதிர்கொள்கின்றனர். 1880களில் ஜான் டெய்லர் நிறுவனத்தின்கீழ்ச் சுரங்கத்தொழில் வளரத் தொடங்கியபின் வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து தமிழர் பலர் அங்குக் குடியேறினர். சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. அவர்தம் வழியினரிடையே தமிழ் தொடர்ந்து வழங்குகிறது. இம்மக்கள் பேச்சில் காணப்படும் ஒரு வழக்கு முன்னோர் கொணர்ந்த வட்டார வழக்கா, பின்னாளில் திரைப்படவழிப் பரவியதா என்பதை எங்ஙனம் அறுதியிடுவது? களஆய்வு மட்டும் இதற்குப் போதாது. அவ்வழக்கு இடம்பெறும் படம் எந்த ஆண்டினது என்பதும் தெரிதல் வேண்டும். இத்தகைய கால அடிப்படையைத் தமிழ்த் திரைப்படத்திற்கு அமைத்துத் தந்தவர் 'ஃபிலிம் நியூஸ்' ஆனந்தன் (மறைவு: 2016) ஆவார்.

ஒளிப்படக் கலைஞராகத் தொடங்கிய இவர், 'நாடோடி மன்னன்' (1958) படத்தின்வழி மக்கள் தொடர்பாளராக அறியப்பட்டார். ஒளிப்படங்களையும் படம்பற்றிய செய்திகளையும் பல்லாண்டுகள் தாமே திரட்டினார். 1964இல் புனேயில் நிறுவப்பெற்ற தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகத்தைக் கட்டி எழுப்பிய பி.கே. நாயருக்கு அரசின் துணை இருந்தது. ஆனந்தனுக்கு அவ்வாய்ப்பு இல்லை. இருவரும் 2016 மார்ச்சிலேயே மறைந்தனர். ஆனந்தனின் தொகுப்பைத் தமிழக அரசு 2002இல் பெற்றுக்கொண்டது. 1931 முதலான படங்களை ஆண்டுவாரியாகக் கூறும் 'சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு' என்னும் அவரது நூல் 2004இல் வெளிவந்தது.

படமே அழிந்துபட்ட நிலையில் இத்தகைய பதிவின் மதிப்பு மிகுகிறது. எச்.எம். ரெட்டி இயக்கிய 'காளிதாஸ்' (1931) படத்தின் படி இன்று இல்லை. அதில் தமிழும் தெலுங்கும் ஒருங்கே பேசப்பட்டன. இருமொழியச் சூழலை ஆய்வோர்க்கு அஃது அரிய தரவாக அமைந்திருக்கும். எஞ்சும் பாட்டுப்புத்தகங்கள் பாடல்களைத் தருகின்றன, கதைச்சுருக்கமும் தருகின்றன; ஆனால் உரையாடலின் ஒலிப்பை அவற்றால் அறிய இயலாது. பேச்சுமொழி ஆய்வுக்கு அவை அரைச்சான்றே என்பது என் கருத்து.

ஒரு வழக்கு படத்தில் இடம்பெறுவது கொண்டு, அது படத்தினின்றே பரவிற்று எனத் துணிதலும் பொருந்தாது. மக்கள் வழக்கைப் படமும் எடுத்தாளக்கூடும். அவ்வழக்கு படம் வெளிவந்த ஆண்டிற்கு முன்னரே தங்கவயலில் வழங்கியமை வேறு சான்றால் புலப்படின், அப்படம் அதற்கு மூலமாகாது. எஞ்சியுள்ள படங்களின் உரையாடல்களை ஒலிபெயர்த்து, ஆனந்தனின் ஆண்டுவரிசையில் அடுக்கி, வட ஆர்க்காட்டு வழக்குகளோடு ஒப்பிடுதலே இவ்வாய்வின் அடுத்த படி.